சும்மா எலி என்னாச்சு?

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் காலை பஸ்ஸில் லேகியம் விற்கிற ஒருவர், ஜன்னல் வழியாக உள்ளே ஒரு நோட்டம் விட்டுவிட்டுத்தான் ஏறுவார். மூன்றாவது சீட்டில் லேப் அண்ணன் உட்கார்ந்திருந்தால் அந்த பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததற்குக் காத்திருப்பார். மானம் என்று ஒன்று இருக்கிறதல்லவா?

அது போனது ஒரு மழைக்கால வியாழக்கிழமையில். நானும் அந்த பஸ்ஸில் இருந்தேன். லேகியக்காரர் டப்பாவைத் தூக்கிப் பிடித்து, மிளகு, திப்பிலி, சுக்கு, சுத்தமான தேன் என்று ஆரம்பித்து, சளி, இருமல், மூட்டுவலி, வாயு, பசியின்மை என்று வரிசையாகப் போய், ஆண்களுக்கான சமாச்சாரத்தில் குரலைத் தாழ்த்திய நேரத்தில் லேப் அண்ணன் கேட்டார்.

"எத்தன பேருக்கு இத குடுத்திருக்கீங்க?"

"ஆயிரக்கணக்கான பேரு சார். எல்லாருக்கும் இருமல் போயிடுச்சி."

"சந்தோசம். குடுக்காத ஆயிரம் பேருக்கு என்னாச்சு?"

"குடுக்காதவங்கள நான் எதுக்கு சார் பாக்கணும்?"

"அதத்தான் நானும் கேக்குறேன். அவுங்களுக்கும் இருமல் போயிருந்தா?"

பஸ்ஸே சிரித்தது. லேகியக்காரர் ஆலப்பாக்கத்தில் இறங்கிவிட்டார். எனக்குத்தான் கோபம். எனக்கும் இருமல். பர்ஸைத் திறந்து வைத்திருந்தேன்.

லேப் அண்ணன் சிதம்பரத்தில் ஒரு கல்லூரியின் மருந்தியல் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். பதினெட்டு வருஷமாக எலிகளுக்குச் சோறு வைத்துக்கொண்டிருந்தார். நான் அதே கல்லூரி ஆபீஸில் டைப்பிஸ்ட். அவர் முதுநகரில் ஏறுவார், நான் திருப்பாதிரிப்புலியூரில் ஏறுவேன். கல்லூரியில் எல்லோரும் லேப் அண்ணன் என்பதால் நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். இப்போது அவர் ஊரில் இல்லை. ஓய்வு பெற்றதும் மகளோடு ஓசூர் போய்விட்டார். அங்கே யாருடைய நிம்மதியைக் கெடுத்துக்கொண்டிருக்கிறாரோ, தெரியவில்லை.

அவருடைய வேலையைச் சொன்னால்தான் அவரைப் புரிந்துகொள்ள முடியும். வருஷா வருஷம் ஆராய்ச்சி செய்கிற பிள்ளைகள் யாராவது மிளகைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். ஒரு வருஷம் மிளகும் வீக்கமும், ஒரு வருஷம் மிளகும் வலியும், இன்னொரு வருஷம் திப்பிலியும் ஜீரணமும். இவர் ஒரு கூண்டு எலிகளுக்கு மிளகுச் சாற்றைக் குழாய் வழியாக வயிற்றுக்குள் விடுவார். பக்கத்துக் கூண்டுக்கு வெறும் தண்ணீர். அப்புறம் இரண்டு கூண்டையும் அளந்து பார்ப்பார்கள். மருந்து போகாத கூண்டுக்கு ஆங்கிலத்தில் பெரிய பெயர் உண்டு. இவர் வைத்த பெயர் 'சும்மா எலி.'

"மருந்து எலிக்குப் புண்ணு ஆறிடுச்சின்னு குதிப்பாங்கம்மா. போட்டோ புடிப்பாங்க. ரெண்டு நாள் கழிச்சி சும்மா எலிக்கும் ஆறிடும். அத ஒருத்தனும் போட்டோ புடிக்க மாட்டான். அந்த ரெண்டு நாள்தான் மருந்து. மீதி எலியோட ஒடம்பு."

இது அவர் மண்டையில் ஏறி உட்கார்ந்துவிட்டது. உலகத்தில் யார் எதைச் சொன்னாலும் அவருக்கு ஒரே கேள்விதான். சும்மா எலி என்னாச்சு?

யாராவது வாஸ்து பார்த்துக் கதவை மாற்றினோம், பையனுக்கு வேலை கிடைத்தது என்றால், கதவை மாற்றாத வீட்டுப் பையன்களுக்குக் கிடைக்கவில்லையா என்பார். கொரோனா சமயத்தில் ஸ்டாஃப் வாட்ஸ்அப் குரூப்பில் மிளகும் தேனும் குடித்தால் வைரஸ் செத்துவிடும் என்று தினமும் பத்துப் பேர் அனுப்புவார்கள். அத்தனைக்கும் கீழே இவர் 'சும்மா எலி?' என்று போடுவார். குரூப்பை விட்டே தூக்கினார்கள். எலிகளுக்குத் தீவனம் வந்ததா என்று கேட்க ஆள் வேண்டியிருந்ததால் மறுபடி சேர்த்தார்கள். அவர் கத்தோலிக்கர்; தன் மாதா கோயில் பங்குச் சாமியாரையும் விட்டுவைக்கவில்லை. ஜெபத்தால் குணமான ஒரு நோயாளியைப் பற்றிச் சாமியார் பிரசங்கத்தில் சொல்ல, பூசை முடிந்ததும் கோயில் வாசலில் போய் நின்றுகொண்டு, "சாமி, ஜெபம் பண்ணாத பக்கத்து பெட்டுக்காரன் என்னானான்?" என்று கேட்டிருக்கிறார். சாமியார் சிரித்துக்கொண்டே, "நீ அடுத்த வாரம் வேற கோயிலுக்குப் போ" என்றாராம்.

ஆனால் மிளகை அவர் வெறுத்தார் என்று நினைத்துவிடக்கூடாது. மிளகுக்கு இவ்வளவு விசுவாசமான வாயை நான் பார்த்ததில்லை. சட்டைப் பையில் ஒரு சின்ன டப்பியில் மிளகுத்தூள் இருக்கும். கேன்டீன் ஆம்லெட் மேல் கறுப்பாகும் வரை தூவுவார். கொய்யா, தயிர்சாதம், ஒருமுறை என் மகள் பிறந்தநாள் கேக் என்று எதையும் விடமாட்டார்.

"இதுக்கெல்லாம் நிரூபணம் இருக்காண்ணே?" என்று கேட்டேன்.

"ருசிக்கு எதுக்கும்மா நிரூபணம்?" என்றார். "மிளகு எலிக்கு வீக்கத்த கொஞ்சம் கொறச்சிது. வலியத் தாங்க வச்சிது. பொய் சொல்லல. ஆனா எலிக்குக் குடுத்த கணக்குல ஒனக்குக் குடுத்தா நீ அள்ளி அள்ளித் தின்னணும். அப்புறம் இருமலுக்கு முன்னாடி நீ போயிடுவ."

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த மனைவி இருமல் பொடி விற்றார். கடவுளுக்கும் வேடிக்கை பார்க்க ஆசை இருக்குமில்லையா?

அண்ணி நல்லவர், கைப்பக்குவம் உள்ளவர். மிளகும் திப்பிலியும் வறுத்து, சுக்கு சேர்த்து இடித்துச் சலித்து, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு கோயில் வளாகத்தில் விற்பார். முதுநகர்க் கத்தோலிக்கர்களின் நெஞ்சுச்சளியெல்லாம் அவர் பொறுப்பு. அவருக்கு ஒரே ஒரு ஆசை. பொட்டல லேபிளில், விஞ்ஞானப்படி சோதிக்கப்பட்டது என்று ஒரு வரி. ஒருநாள் நான் அவர்கள் வீட்டில் இருந்தபோதே சண்டை வந்தது.

"பதினெட்டு வருசமா எலிக்கு மிளகு ஊட்டுற. பொண்டாட்டி பொடிக்கு ஒரு வரி எழுதித் தர மாட்டியா?"

"எலிக்கு ஒம் பொடிய ஊட்டலையே."

"ஊட்டேன். யாரு வேணாங்குறா?"

"எலிக்கு இருமல் இல்ல."

கடைசியில் பொறுக்க முடியாமல் இவரே உட்கார்ந்து ஒரு வரி எழுதிக் கொடுத்தார். 'இருமலுக்குக் கேட்கலாம். கேட்காமலும் போகலாம்.' அண்ணி அதைக் கிழித்து அடுப்பில் போட்டார். லேபிளில் வெறும் 'இருமல் பொடி' என்று மட்டும் தன் கையெழுத்தில் எழுதினார். தான் ஜெயித்துவிட்டதாக அண்ணன் நினைத்தார். ஆனால் முதுநகரில் யார் லேபிளைப் படிக்கிறார்கள்? எல்லோரும் அதை 'லேப்காரர் வீட்டுப் பொடி' என்றுதான் கேட்டு வாங்கினார்கள். லேப்காரர் வீட்டுப் பொடி என்றால் சோதிக்காமலா இருக்கும்? அவர் எழுத மறுத்த வரியை ஊரே வாயால் எழுதிவிட்டது. இது அவருக்கு அப்போது தெரியவில்லை.

இப்போது என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் இதைச் சொல்லாமல் அவரைச் சொல்ல முடியாது.

என் வீட்டுக்காரர் திருப்பாதிரிப்புலியூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். அவருக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. தினமும் மாத்திரை. அதோடு நான்கு வருஷம் குடியும் இருந்தது. இரண்டும் சேர்ந்தால் ஆள் மிஞ்ச மாட்டார் என்று டாக்டர் என் எதிரிலேயே சொன்னார். அதன் பிறகு திருவந்திபுரத்தில் மொட்டை போட்டு, மகள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தார். ஒன்றரை வருஷம் ஒழுங்காக இருந்தார். நானும் மூச்சுவிட ஆரம்பித்தேன்.

அந்த ஐப்பசி மழையில் அவர் தடுமாற ஆரம்பித்தார். படியில் கால் இடறியது. பேச்சு குழறியது. மகளின் ஹால் டிக்கெட் இரண்டாகத் தெரிகிறது என்றார். ஒரு சாயங்காலம் மகளோடு கடைக்குப் போனபோது கிட்டே போய் முகர்ந்தேன். மிளகு வாசனை.

குடிகாரனோடு குடித்தனம் செய்தவளுக்கு அதற்கு மேல் சாட்சி வேண்டாம். பழைய நாட்களில் அவர் வீட்டுக்குள் வருமுன் வாயில் மிளகைப் போட்டு மென்றுகொண்டுதான் வருவார். நாற்றத்தை மறைக்கிறாராம். நான்கு வருஷம் அந்த வாசனைதான் எனக்குக் கெட்ட சேதி.

"இருமலுக்குப் பொடி சாப்புட்டேன்டி. லேப்காரர் வீட்டுப் பொடி. கடைக்கு வந்த கஸ்டமர் ஒருத்தரு குடுத்தாரு" என்றார்.

"எந்தக் குடிகாரன் குடிச்சேன்னு சொல்லியிருக்கான்?" என்றேன்.

மறுபடியும் மகள் தலையில் கைவைக்க வந்தார். கையைத் தட்டிவிட்டேன். இதைக் கடைக்கு வந்திருந்த நான்கு பேர் எதிரில் செய்தேன். வரும் சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு குறிஞ்சிப்பாடியில் என் அம்மா வீட்டுக்குப் போகிறேன், திரும்பி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சும்மா மிரட்டவில்லை. பள்ளிக்கூடத்தில் மாற்றுச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

வியாழக்கிழமை பஸ்ஸில் லேப் அண்ணனிடம் சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. லேகியக்காரர் இறங்கிய கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. அண்ணன் ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். எனக்குப் புத்தி இருந்தால் எதிர்பார்த்திருக்க மாட்டேன்.

"குடிச்சத நீ பாத்தியா?"

"இல்ல."

"பாட்டில் கெடந்துச்சா?"

"இல்லண்ணே. ஆனா வாசன வந்துச்சி."

"சாராய வாசனையா?"

"மிளகு வாசன."

"அப்போ மிளகு தின்னிருக்கான். அதுக்கு மேல ஒனக்கு ஒண்ணும் தெரியாது."

எரிச்சலாக வந்தது. "தள்ளாடுறாருண்ணே. நாக்கு கொழறுது. உங்களுக்கு எலிதான் தெரியும், புருசனத் தெரியாது" என்றேன். பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். பஸ் புதுச்சத்திரம் தாண்டும்வரை அண்ணன் வெளியே மழையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்.

"வலிப்புக்கு என்னா மாத்திர சாப்புடுறான்?"

பெயரைச் சொன்னேன். அவர் முகம் மாறியது. அடுத்த ஸ்டாப்பில் என்னையும் இறங்கச் சொன்னார். பதினெட்டு வருஷத்தில் லீவு எழுதாமல் வேலைக்குப் போகாத முதல் நாள் அதுதான். எலிகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி இன்னோர் உதவியாளருக்கு போன் செய்துவிட்டு, மழையில் நனைந்துகொண்டே கடலூர் பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தினார்.

பஸ்ஸில் நின்றுகொண்டேதான் விஷயத்தைச் சொன்னார். மிளகு, திப்பிலி இரண்டிலும் இருக்கிற ஒரு சத்து, சில மாத்திரைகளை உடம்பு கழித்து வெளியே தள்ளுவதைத் தாமதப்படுத்துமாம். மாத்திரை ரத்தத்தில் அதிகமாக நிற்கும். அண்ணனின் கூண்டுகளிலேயே ஒரு பிள்ளை அதைச் சோதித்திருக்கிறது.

"நாட்டு வைத்தியத்துல சுக்கு, மிளகு, திப்பிலிய மத்த மருந்தோட சேத்துக் குடுக்குறாங்களே, அது விவரம் தெரிஞ்சவன் பண்ண வேலம்மா. மிளகு தனியா பெரிசா ஒண்ணும் கிழிக்காது. கூட வர்றவன உள்ள ஏத்திவிடும். ஒம் புருசன் சாப்புடுற மாத்திரையோட மிளகச் சேத்து மனுசங்களுக்கே குடுத்துப் பாத்திருக்காங்க. கொஞ்ச பேருதான். ஆனா ஏறியிருக்கு. அந்த மாத்திர ஏறிப்போச்சின்னா குடிச்சவன் மாதிரியேதான் இருப்பான்."

கடையில் என் வீட்டுக்காரர் யாருடைய ரேஷன் கார்டையோ கோணலாக ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார். அண்ணன் பேனாவை அவர் முகத்துக்கு நேரே பிடித்து, "தலைய ஆட்டாம இத மட்டும் பாரு மச்சான்" என்று இடமும் வலமும் நகர்த்தினார். அவர் கண் பேனாவோடு போகாமல் துடித்துத் துடித்து நகர்ந்தது. மாத்திரை ஏறினால் கண் இப்படித் துடிக்குமாம்.

"பொடி எங்க?"

மெஷினுக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தார். பாதி காலி. தினமும் நான்கு வேளை தேனில் குழைத்துச் சாப்பிட்டாராம். "லேப்காரர் வீட்டுதாச்சே, நீங்க டெஸ்ட் பண்ணியிருப்பீங்கன்னு தைரியமா சாப்புட்டேண்ணே" என்றார்.

பொட்டலத்தில் அண்ணியின் கையெழுத்து. அண்ணன் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "எனக்குத் தெரியும்மா" என்றார். "எல்லாம் தெரியும். லேப்புலயே விட்டுட்டு வந்திருக்கேன். வீட்டுல ஒருநாளும் யோசிக்கல." ஊரையே கேள்வி கேட்ட மனுஷன் தன் வீட்டு அடுப்படியில் ஒரு கேள்வியும் கேட்காமல் இருந்ததை நினைத்து அவர் கூனிப்போனதைப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். சனிக்கிழமை ரிசல்ட் வந்தது. மாத்திரை இருக்க வேண்டியதைவிட அதிகம். டாக்டரம்மா பொடியை நிறுத்தச் சொல்லி, மாத்திரை அளவைக் கொஞ்ச நாளைக்கு மாற்றி எழுதினார். நான் குறிஞ்சிப்பாடிக்குப் போகவில்லை. ஒன்றரை வாரத்தில் அவர் நேராக நடந்தார்.

ரிசல்ட் வந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் லேப் அண்ணன் பொடி வாங்கிய வீடுகளுக்கெல்லாம் படியேறினார். "என்னா மாத்திர சாப்புடுறீங்க?" என்று கேட்டு, பதில் சொல்லாதவர்களிடமிருந்து பொட்டலத்தைப் பிடுங்காத குறையாக வாங்கினார். அண்ணி முதலில் அழுதார், பிறகு திட்டினார், மூன்றாவது வீட்டிலிருந்து குடையோடு தானும் சேர்ந்துகொண்டார். நான் அவர்களைத் தெருவில் பார்த்தேன்.

"ஏண்ணே, பொடியாலதான்னு நிரூபணம் ஆயிடுச்சா?" என்று கேட்டேன். கிண்டலாக இல்லை, நிஜமாகத்தான்.

"எங்க ஆச்சு? ஒரே ஆளு. பொடி சாப்புடாம இன்னொரு மச்சான் இருந்தாத்தான் சொல்ல முடியும்."

"அப்புறம் ஏன் வீடு வீடா அலையிறீங்க?"

"நல்லதுன்னு விக்கிறதுக்குத்தான் நிரூபணம் வேணும். நிறுத்துறதுக்கு சந்தேகம் போதும்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டு அழைப்பு மணியை அடித்தார். அந்த வீட்டுக்காரர் கதவைத் திறக்கவில்லை. இவர் ஜன்னல் வழியாகக் கேட்டார்.

இதோடு முடிந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். என் வீட்டுக்காரர் அந்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை லேமினேட் செய்து, கடையில் வருகிறவர் போகிறவர் கண்ணில் படும்படி மெஷினுக்கு மேலே மாட்டிவிட்டார். நான் அவரைக் குடிகாரன் என்று சொன்னபோது கேட்ட நான்கு பேரும் வந்து பார்க்க வேண்டுமல்லவா? அவர்கள் பார்த்தார்களோ இல்லையோ, நான் தினமும் ராத்திரிச் சாப்பாடு கொண்டுபோகும்போது பார்த்தேன். நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. வேறு எதைப் பற்றியும் அதிகம் பேசவில்லை.

ஒரு லீவு நாள் மதியம் நான் கடையில் இருந்தபோது லேப் அண்ணன் வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரிப்போர்ட்டை முழுசாகப் படித்தார்.

"இத எதுக்கு மாட்டியிருக்க மச்சான்?"

"நான் குடிக்கலன்னு எல்லாருக்கும் தெரியட்டும்ணே."

"இதுல அப்புடி எங்கயும் போடலையே. மாத்திர ஜாஸ்தின்னுதான் போட்டிருக்கு. நீ குடிச்சியா குடிக்கலையான்னு இந்தப் பேப்பருக்குத் தெரியாது."

பாவி மனுஷன். அவருக்கு உண்மை வாயிலிருந்து வந்தே தீரவேண்டும், யார் தலையில் விழுந்தாலும் சரி. என் வீட்டுக்காரர் முகம் செத்துவிட்டது. அவர் அண்ணனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். அந்த ஒரு பேப்பரைத்தான் மனுஷன் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கடையில் இரண்டு பெண்கள் ஆதார் ஜெராக்ஸுக்குக் காத்திருந்தார்கள்.

"அவரு குடிக்கலண்ணே" என்றேன்.

லேப் அண்ணன் என் பக்கம் திரும்பினார். "ஒனக்கு எப்புடித் தெரியும்?"

"தெரியாது. அவரு சொன்னாரு. நான் நம்புறேன்."

அண்ணன் தலையாட்டிவிட்டு, வந்த வேலையை எடுத்தார். அவருக்கு வேண்டியது அண்ணியின் பான் கார்டு ஜெராக்ஸ்.

என் வீட்டுக்காரர் ஸ்டூலைப் போட்டு ஏறி ரிப்போர்ட்டைக் கழற்றினார். கீழே இறங்கி, கார்டை வாங்கி மெஷினில் வைத்து மூடினார். பட்டனை அழுத்தும்போது என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"நீ இத மூணு வாரத்துக்கு முன்னாடி சொல்லியிருந்தா ஒரு லேமினேஷன் சீட்டு மிச்சமாயிருக்கும்."